தோற்கும் அணியின் பயிற்சியாளர் நீக்கமும் ரசிகர்களும்

கால்பந்து கிளப் ஒன்று தொடர்ந்து தோற்றால் முதலில் வேலை போவது பயிற்சியாளருக்குத்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் வாய்ப்பைக் கோட்டைவிடும் முன்கள வீரரைச் சீசன் நடுவில் சட்டென்று மாற்றிவிட முடியாது. வீரர்களை வாங்கவும் விற்கவும் ஆண்டுக்கு இரண்டு தவணைகள்தான் உண்டு. அந்த வீரரை வாங்கித் தந்த நிர்வாகி தன்னைத்தானே நீக்கிக்கொள்ள மாட்டார். முதலாளியை யாரும் நீக்க முடியாது. மிஞ்சுவது, எல்லைக்கோட்டருகே நின்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கும் அந்த ஒருவர்தான். ஸ்டாண்டில் இருப்பவர்களின் கண்ணுக்குத் தொண்ணூறு நிமிடமும் தெரிபவரும் அவரே.

நீக்கச் செய்தி வந்ததும் ரசிகர்களிடமிருந்து எழுவது தூரத்திலிருந்து கேட்க ஒரே கூச்சலாக இருக்கும். கிட்டப் போனால் அதில் ஆறுதல், நன்றி, சங்கடம், சந்தேகம் எல்லாம் கலந்திருப்பது தெரியும். எது தூக்கலாக இருக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: போகிறவர் முன்பு என்ன கொடுத்திருந்தார் என்பது ஒன்று, கிளப்பை நடத்துகிறவர்களை ரசிகர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது மற்றொன்று. எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள் என்பதெல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான். தமிழ்நாட்டில் இதற்குச் சரியான சான்று சென்னையின் எஃப்சி.

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய 2014-இலேயே உருவான கிளப் அது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையாளர்கள். முதல் பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மாடெராஸி, 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடேனிடம் தலைமுட்டு வாங்கியவர். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பரில், சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்ற அணி, டிசம்பர் 20 அன்று கோவாவை அதன் ஊரிலேயே 3-2 என்று சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த மாதத்தில் அந்த ஊருக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. மறு ஆண்டே அணி எட்டில் ஏழாவதாக முடித்தது, 2017 தொடக்கத்தில் மாடெராஸி விலகினார். அவர் மேல் வசைமாரி எதுவும் பொழியவில்லை. வெள்ளத்துக்கு நடுவே கோப்பை கொண்டுவந்தவரை ஏழாம் இடத்துக்காகத் திட்ட எவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவிலேயே பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வென்று இரண்டாம் கோப்பையைக் கொண்டுவந்தார். பிரேசில் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் அடித்த இரண்டு கோல்கள் அந்த ஆட்டத்தின் அடையாளம். அடுத்த சீசன் அதற்கு நேரெதிர். பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் கடைசி இடம். முந்தைய ஆண்டின் சாம்பியன் அடுத்த ஆண்டே பட்டியலின் அடியில் கிடந்தது. ஐரோப்பாவில் இந்நிலை வந்தால் பயிற்சியாளர் கிறிஸ்துமஸைத் தாண்டியிருக்க மாட்டார். சென்னையில் கிரெகரி தாண்டினார். 2019 ஏப்ரலில் அணியை சூப்பர் கப் இறுதிவரைகூட அழைத்துப் போனார்.

இந்தப் பொறுமைக்கு ஒரு காரணம் லீகின் அமைப்பிலேயே இருந்தது. அன்றைய ஐஎஸ்எல்-இல் கடைசி இடம் பிடிக்கும் அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவதில்லை. இங்கிலாந்தில் கீழே விழுந்தால் தொலைக்காட்சி வருமானம் சரிந்து, வீரர்கள் பிரிந்து, ஊரே கலங்கும். அந்தப் பயம்தான் அங்கே முதலாளிகளைப் பயிற்சியாளர் நீக்கத்துக்குத் தள்ளுகிறது. இங்கே கடைசியில் வந்தாலும் அடுத்த ஆண்டு அதே லீக், அதே எதிரணிகள். ரசிகருக்கு மானம் போகிறது, நிர்வாகத்துக்குப் போவதற்கு அவ்வளவாக எதுவும் இல்லை. இந்திய ரசிகரின் கோபம் பயிற்சியாளரைத் தாண்டி நிர்வாகத்தின் பக்கம் சீக்கிரமே திரும்புவதற்கு இந்த இடைவெளி முக்கியக் காரணம்.

2019-20 சீசன் தொடங்கியபோது கிரெகரியின் கணக்கில் இருந்த பழைய நன்றி வேகமாகக் கரைந்தது. முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 25, சென்னை நேரு விளையாட்டரங்கில் ஹைதராபாதுடன். தொண்ணூறு நிமிடம் முடிந்தும் 0-0. இஞ்சுரி டைமில் மால்டா வீரர் ஆந்த்ரே ஷெம்ப்ரி அடித்தார். சீசனின் முதல் கோல். கொண்டாட்டம் அடங்குவதற்குள் ஹைதராபாதின் மேத்யூ கில்காலன் சமன் செய்தார். அதே மூச்சில் லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ் மறுபடி வலைக்குள் தள்ள, ஆட்டம் 2-1. நான்கு ஆட்டமாக வறண்டு கிடந்த ஸ்டாண்டில் அந்தச் சில நிமிடங்கள் என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். மூன்று நாள் கழித்து ஒடிசாவுடன் 2-2. ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளி. நவம்பர் 30 அன்று கிரெகரி பிரிவதாகக் கிளப் அறிவித்தது.

பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று சென்னையின் ரசிகர் குழுக்கள் இரண்டு. டிரம் அடித்து, பாட்டுக் கட்டி, நீலத் துணி விரித்து ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்ப்பவர்கள். இத்தகைய ரசிகர்களுக்குக் கிரெகரியின் பிரிவு இரட்டை உணர்வைத் தந்தது: மாற்றம் வேண்டும் என்பதில் அநேகமாக மறுப்பு இல்லை, ஆனால் போகிறவர் கோப்பை தந்தவர். நன்றியோடு வழியனுப்பிவிட்டு அடுத்தவரைப் பற்றிக் கேள்வி கேட்பது, எதையாவது வென்று கொடுத்த பயிற்சியாளர் போகும்போது உலகெங்கும் காணப்படும் முறை.

அடுத்து நடந்தது, பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டும் கதை. டிசம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஓவன் கோய்ல் வந்தார். மீதமிருந்த பன்னிரண்டு ஆட்டங்களில் அணி 24 புள்ளி எடுத்து நான்காவது இடத்துக்கு ஏறியது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று வீழ்த்தியது. வால்ஸ்கிஸ் 15 கோல்களோடு தங்கக் காலணி வாங்கினார். இறுதியாட்டம் 2020 மார்ச் 14, கொரோனா அச்சத்தால் ரசிகர்களே இல்லாத ஃபட்டோர்டா மைதானத்தில். கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி.

இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. வால்ஸ்கிஸ், ஷெம்ப்ரி, நடுக்களத்தில் பந்தைப் பிரித்துக் கொடுத்த பிரேசிலின் ரஃபாயெல் கிரிவெலாரோ, இறக்கையோரம் பாய்ந்த லல்லியன்சுவாலா சாங்தே, எல்லோரும் கிரெகரி காலத்தில் சேர்க்கப்பட்டவர்கள். கோய்ல் பெற்றது ஏற்கெனவே தரமான அணி, சரியாக அடுக்கப்படாத அணி. அவர் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டினார், முன்களத்துக்குச் சுதந்திரம் கொடுத்தார். பெருமை அவருக்கு உண்டு. முழுப் பெருமையும் அவருக்கு என்பது முந்தையவருக்குச் செய்யும் அநியாயம்.

கால்பந்து பொருளியலில் இதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் தரவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரை அவற்றில் முக்கியமானது. நீக்கத்துக்குப் பின் அணிகள் முன்னேறுவது உண்மைதான். ஆனால் அதேபோல் சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாமல் வைத்திருந்த அணிகளும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறின. யான் வான் அவர்ஸ், மார்ட்டின் வான் டெய்ல் இருவரும் பின்னர் அதே லீகின் பிற்கால சீசன்களை ஆராய்ந்து கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார்கள். நீக்கம் எப்போதும் அணி மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் நடக்கிறது. அங்கிருந்து தன் இயல்பான தரத்துக்கு அணி திரும்பவே செய்யும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் வேப்பிலை அடித்தால், மறுநாள் காய்ச்சல் இறங்கியதற்கான பேர் வேப்பிலைக்குத்தான் போகும்.

இது சராசரியைப் பற்றிய உண்மை. எந்தப் பயிற்சியாளரும் எதையும் மாற்றுவதில்லை என்று பொருளல்ல. சென்னையைவிட்டுப் போன கோய்ல், 2021-22 சீசனில் ஜாம்ஷெட்பூருக்கு, புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் அணிக்குரிய லீக் ஷீல்டை வென்று கொடுத்தார். அவருடைய திறமைக்கு அது போதுமான சான்று.

அவர் போன பிறகு சென்னைக்கு நல்ல காலம் வரவில்லை. ஹங்கேரியரான சாபா லாஸ்லோவின் கீழ் 2020-21-இல் இருபது ஆட்டங்களில் பதினொன்று டிரா, எட்டாவது இடம். அடுத்து மாண்டினீக்ரோவின் போஜிதார் பாந்தோவிச். 2022 பிப்ரவரி 9 அன்று கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் அவர் கதை முடிந்தது; உதவிப் பயிற்சியாளராக இருந்த முன்னாள் இந்திய வீரர் சையத் சாபிர் பாஷா மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டார். கொரோனா காரணமாக அந்த இரண்டு சீசன்களும் கோவாவில், மூடிய மைதானங்களில் நடந்தன. ரசிகர் முகத்தையே பார்க்காமல் வந்து, பார்க்காமலேயே போனார் பாந்தோவிச். காலி நாற்காலிகள் கூச்சலிடுவதில்லை. ஆனாலும் நீக்கம் நடந்தது. ரசிகரின் சத்தம்தான் நிர்வாகத்தை நீக்கத்துக்குத் தள்ளுகிறது என்ற கருத்தை இது கொஞ்சம் திருத்துகிறது. பார்வையாளர் இல்லாவிட்டாலும் புள்ளிப் பட்டியல் நிர்வாகத்தின் கண்முன் இருந்தது.

தலைநகருக்கு வெளியே இருக்கும் ரசிகரின் நிலை வேறு. திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குச் சமவெளியில், பழனிக்கு வடக்கே உள்ள கீரனூர் போன்ற பேரூராட்சியிலிருந்து சென்னை நானூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பழனி வழியாகப் போகும் இரவு ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் ஆட்டத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து கொச்சி அதைவிடப் பக்கம், கோயம்புத்தூர் இன்னும் பக்கம். ஸ்டாண்டில் நிற்பவருக்குக் கோபத்தை ஆற்றிக்கொள்ளப் பக்கத்தில் ஆயிரம் பேர் உண்டு. தொலைக்காட்சி முன் இருப்பவருக்குத் தெரிவது பயிற்சியாளரின் முகமும் ஸ்கோரும்தான்; பயிற்சி மைதானத்தில் என்ன நடக்கிறது, எந்த வீரர் காயத்தோடு ஆடுகிறார், நிர்வாகம் எவ்வளவு பணம் ஒதுக்கியது என்பதெல்லாம் எட்டாது. தூரத்து ரசிகரின் தீர்ப்பு பெரும்பாலும் கடுமையாக இருப்பதற்கு அன்புக் குறைவு காரணமல்ல, தகவல் குறைவுதான் காரணம்.

கோயம்புத்தூர் இந்தப் பகுதிக்கு மிக அருகில் வைத்துக் கற்றுத்தந்த பாடம் கசப்பானது. சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூரின் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு, சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ், இந்தியாவின் மற்றொரு லீகான ஐ-லீகை 2018-19-இல் வென்றது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தது அந்த மைதானத்தில்தான். 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி மறு ஆண்டு ஜனவரியில் ஜப்பானுக்குப் போனார், நவாஸ் 2020-இல் விலகினார், 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது பட்டியலில் அந்தக் கிளப்பே இல்லை. பயிற்சியாளரைத் திட்டுவதற்குக்கூட ஒரு கிளப் இருந்தாக வேண்டும். மேற்குத் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அது இல்லாமல் போனது பெரிய இழப்பு. அதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸ். ரசிகர் எதிர்வினை என்ற பொருளுக்கு இந்தியாவில் இதைவிட வளமான களம் கிடையாது. 2018 டிசம்பரில் மும்பையிடம் 6-1 என்று தோற்ற இரண்டு நாளில் டேவிட் ஜேம்ஸ் போனார்; அணி ஒன்பதாவதாக முடித்தது. 2021-இல் வந்த செர்பியர் இவான் வுகோமனோவிச் ஒரு கோப்பைகூட வெல்லவில்லை, ஆனாலும் அங்கே நேசிக்கப்பட்டார். 2022 இறுதியாட்டத்தில் பெனால்டியில் தோற்றார். 2023 மார்ச்சில் பெங்களூருவில் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து அணியையே மைதானத்திலிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறினார். பத்து ஆட்டத் தடை வாங்கினார். ரசிகர்கள் அவர் பக்கம் நின்றார்கள். தங்களுக்காக ஒருவர் கோபப்பட்டார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அவருக்குப் பின் வந்த ஸ்வீடனின் மிக்கேல் ஸ்டாரே இந்த நிழலில் நின்றுதான் வேலை செய்தார். போதாக்குறைக்கு, முந்தைய சீசனில் 13 கோல் அடித்த டிமிட்ரியோஸ் டயமந்தாகோஸை கிளப் ஈஸ்ட் பெங்காலுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. பன்னிரண்டு ஆட்டங்களில் 11 புள்ளி; 2024 டிசம்பர் 16 அன்று ஸ்டாரே நீக்கப்பட்டார். அதே மாதம் மஞ்சப்படை என்ற ரசிகர் அமைப்பு வெளிப்படையாகப் போராட்டம் அறிவித்தது. டிக்கெட் விஷயத்தில் ஒத்துழைப்பதில்லை என்றது. அணிக்கு ஆதரவு, நிர்வாகத்துக்கு எதிர்ப்பு என்று கோடு கிழித்தது. ஸ்டாரே போனதும் அந்தக் குரல் அடங்கவில்லை. ஜனவரியிலும் எதிர்ப்பு தொடர்ந்தது, கிளப் ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாக அறிவிக்க வேண்டிவந்தது. நீக்கத்தைக் காட்டி ரசிகர்களைச் சமாதானப்படுத்தும் பழைய உபாயம் அங்கே பலிக்கவில்லை. தாங்கள் யாரிடம் கணக்குக் கேட்கிறோம் என்பதில் தெளிவாக இருக்கும் ரசிகர் கூட்டம் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதுவே சிறந்த சான்று.

கொல்கத்தாவில் எல்லாமே விரைவு. 2023-இல் ஐஎஸ்எல் கோப்பையும் டுராண்ட் கோப்பையும் வென்று கொடுத்த ஹுவான் ஃபெர்ராந்தோவை, லீகில் தொடர்ந்து மூன்று தோல்விகளுக்குப் பின் 2024 ஜனவரியில் மோகன் பகான் அனுப்பிவிட்டது. பழைய பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் திரும்பிவந்து ஏப்ரல் 15 அன்று லீக் ஷீல்டை வென்றதும் முறையீடு எதுவும் எழவில்லை. ஈஸ்ட் பெங்காலில் கார்லெஸ் குவாத்ராத் அதே 2024 ஜனவரியில் சூப்பர் கப் வென்றார், கிளப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் தேசியக் கோப்பை. செப்டம்பர் 30 அன்று, மூன்று லீக் தோல்விகளோடு, பதவி விலகினார்.

நன்றி எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இங்கிலாந்து எதிரெதிரான சான்றுகளைத் தருகிறது. 1989 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதி அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு விடை கொடுத்தார். நிர்வாகம் அசையவில்லை, ஐந்து மாதத்தில் எஃப்ஏ கோப்பை வந்தது, 2013-இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 38 கோப்பைகள். ஆர்செனலின் ஆர்சென் வெங்கர் விஷயத்தில் ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் மைதானத்துக்கு மேலே ஒரு விமானம் அவரைப் போகச் சொல்லும் பதாகையையும் இன்னொரு விமானம் ஆதரிக்கும் பதாகையையும் இழுத்துக்கொண்டு பறந்தன. லெஸ்டரில் நடந்தது மனத்தைத் தொடுவது. 2016-இல் எவரும் எதிர்பாராத லீக் பட்டத்தை வென்று தந்த கிளாடியோ ரனியேரியை, அணி கீழே விழும் ஆபத்தில் இருந்ததால், ஒன்பது மாதம் கழித்து 2017 பிப்ரவரி 23 அன்று நீக்கினார்கள். நான்கு நாள் கழித்து லிவர்பூலுடன் ஆட்டம். ரசிகர்கள் அவர் முகமூடி அணிந்து வந்தார்கள். அவருக்கு வயது 65 என்பதால் 65-ஆவது நிமிடத்தில் கைபேசி விளக்குகளை ஏற்றிப் பிடித்தார்கள். அந்த ஆட்டத்தை அணி 3-1 என்று வென்றது. வெற்றிக்கு மகிழ்ந்த அதே ஆட்கள்தான் போனவருக்காகக் கண்கலங்கினார்கள். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

பெரும்பாலான நீக்கங்கள் இந்தியாவில் ‘பரஸ்பர சம்மதம்’ என்ற பெயரில் வெளிவருகின்றன. ஒப்பந்தக் காலம் முடியும் முன் அனுப்பினால் மிச்சச் சம்பளத்துக்குக் கிளப் பதில் சொல்ல வேண்டும். பேசித் தீர்த்தால் இரு தரப்புக்கும் சச்சரவு குறைவு. பேசித் தீர்க்காவிட்டால் என்னவாகும் என்பதை இந்திய அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் விவகாரம் காட்டியது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு இந்தியா போகத் தவறியதும் 2024 ஜூன் 17 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை நீக்கியது. இழப்பீட்டுத் தகராறு பகிரங்கமாக வெடித்தது. ரசிகர்களில் கணிசமானோர் ஸ்டிமாச் போகவேண்டும் என்றிருந்தவர்கள்தான். ஆனால் கூட்டமைப்பின் நிர்வாகத்தைப் பற்றி அவர் சொன்ன குற்றச்சாட்டுகள் பலவற்றை அவர்களும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக்கு கோய்ல் 2023-இல் திரும்பி வந்தார். முதல் சீசனில் ஆறாவது இடம், பிளேஆஃப். இரண்டாவது சீசனில் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. 2025 கோடையில் மறுபடி பிரிந்தார். வேறொரு ஆண்டாக இருந்தால் அவர் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதிட்டிருப்பார்கள். அந்த ஆண்டு அதற்கு இடமில்லாமல் போனது. கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் ஐஎஸ்எல் சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் செயல்பாடுகளையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ரசிகர்களின் கவலை பயிற்சியாளரிடமிருந்து வீரர்களின் சம்பளத்துக்கும் லீகின் இருப்புக்கும் தாவியது. பின்னர் கிளப் தன் வரலாற்றில் முதல்முறையாக இந்தியர் ஒருவரை முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. அவர் கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டா. 2023-இல் ஒடிசா எஃப்சி தன் ஸ்பெயின் பயிற்சியாளரைப் பிரிந்தபோது இடைக்காலப் பொறுப்பேற்று, ஏப்ரல் 25 அன்று பெங்களூருவை 2-1 என்று வென்று சூப்பர் கப்பை வாங்கித் தந்தவர் அவர்.